நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவே

துன்பம் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. காரணம் நீங்கினால் துன்பமும் நீங்கும். நீக்குவதற்கு வழியும் உண்டு. காசிக்கு அருகே இசிபதனத்து மான்வனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில், புத்தர் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரையின் சாரம் இதுதான். இவற்றை நான்கு வாய்மைகள் என்பார்கள். நிலையாமை, அநாத்மம், சார்பிலிருந்து தோன்றுதல், மனக்கவனம் என்று பௌத்தத்தில் பேசப்படும் மற்றவை எல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் விரிவாகவே வருகின்றன.

தமிழ் வாசகர் இவற்றைக் கற்க வடக்கே போக வேண்டியதில்லை. கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலை பௌத்தத்தின் அடிப்படைகளை ஒரு பெண்ணின் கதையோடு சேர்த்துத் தெளிந்த தமிழில் சொல்கிறது. அதன் காலம் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்பது பலருடைய கருத்து. உ.வே. சாமிநாதையர் அதை உரையோடு பதிப்பித்தது 1898இல். அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய்வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இந்தக் காப்பியத்துக்கும் கேரள எல்லை மலைகளுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் நடுவே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் சிதைந்து நிற்கிறது. மதுரையை எரித்த கண்ணகி மேற்கே நடந்து வந்து ஏறிய குன்று இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அடையாளம் காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும் வழிபாட்டுக்குத் திறக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் இரு மாநில மக்களும் மலையேறுகிறார்கள். பேரியாற்றங்கரையில் மலைக்குறவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் தாங்கள் கண்டதைச் சொன்னபோது அருகிலிருந்து கண்ணகியின் கதையை விளக்கியவர் சாத்தனார் என்கிறது சிலப்பதிகாரம்.

வடக்கே பாலக்காட்டுக் கணவாயும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. மணிமேகலை வெவ்வேறு சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிந்த வஞ்சி மாநகர் கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த பெருவழி பாலக்காட்டுக் கணவாய்தான். மிளகும் மணிகளும் ரோமானியக் காசும் போன அந்த வழியில் சமணரும் பௌத்தரும் நடந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை. பாலக்காட்டின் ஜைனமேட்டில் சமணக் கோயில் இன்றும் இருக்கிறது.

வஞ்சியில் மணிமேகலை முதலில் போனது கண்ணகி கோட்டத்துக்கு. கணவன் இறந்ததும் உடன் உயிர் விடாமல் ஏன் சினந்தாய் என்று அழுதுகொண்டே கேட்கிறாள். படிமத்திலிருந்து கண்ணகி தரும் விடை தமிழ் இலக்கியத்தின் அரிய இடங்களில் ஒன்று. கணவனுக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுக்காமல் மதுரையை எரித்தேன் என்கிறாள். முற்பிறப்பில் கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்தவனே பின்னாளில் தன் கணவன் கோவலனாகப் பிறந்தான் என்று மதுராபதித் தெய்வம் தன்னிடம் சொன்னதையும் சொல்கிறாள். அதைக் கேட்டும் சினம் அடங்கவில்லை. கற்பின் சிறப்பால் வானுலகம் கிடைத்தது. ஆனால் ஊரை எரித்த வினை காத்திருக்கிறது. அது தீரும்வரை பிறந்து உழன்று, புத்தர் தோன்றி உரைக்கும் அறத்தைக் கேட்ட பிறகே தனக்கு வீடு என்கிறாள். ஊர் கூடித் தெய்வமாகக் கும்பிடும் பத்தினியும் காரண காரியத்துக்கு வெளியே இல்லை என்று துணிந்து சொன்ன நூல் இது. அரசவையில் சிலம்பை உடைத்து அவள் நீதி கேட்டதை அது குறை சொல்லவில்லை. அதற்குப் பின் மூண்ட தீயைத்தான் வினை என்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பௌத்தத்தின் பாதி விளங்கும்.

துன்பம் என்று புத்தர் சொன்னது வலியை மட்டும் அல்ல. மூன்று அடுக்குகளாக அதை விளக்குவார்கள். முதலாவது நேரடித் துன்பம்: பசி, நோய், மூப்பு, சாவு, விரும்பாதவரோடு சேர்தல், விரும்பியவரைப் பிரிதல். இரண்டாவது, மாறுவதால் வருவது. குழந்தையின் சிரிப்பும் புது வீட்டின் மணமும் இன்பம்தான், ஆனால் நிற்பதில்லை. அவை நிற்க வேண்டும் என்று மனம் இழுக்கும் இழுப்பே துன்பமாகிறது. மூன்றாவது நுட்பமானது. பல சேர்க்கைகளால் உண்டான எதையும் நிலையான பிடிமானமாகக் கொள்ள முடியாது என்பதால் எல்லா இருப்பின் அடியிலும் ஓடும் ஒரு நிறைவின்மை அது.

சாத்தனார் முதல் அடுக்கை விட்டு உடனே மேலே தாவுவதில்லை. மணிமேகலை காயசண்டிகையின் தீராத யானைத்தீப் பசியைத் தீர்ப்பதும், அமுதசுரபிப் பாத்திரத்தோடு சிறைக்குள் போய்ச் சோறு இடுவதும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவதும் மெய்ப்பொருள் பாடத்துக்கு முன்னால் வருகின்றன. உணவு தருபவர் உயிர் தருபவர் என்ற எண்ணம் காப்பியம் முழுவதும் ஓடுகிறது. எல்லாம் துன்பம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மதம் என்று பௌத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பகுதிகளைப் படிக்காதவர்கள்.

நிலையாமைக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டுக்கு அருகே நடந்த ஒரு சாவைச் சாத்தனார் விரிவாகச் சொல்கிறார். சார்ங்கலன் என்ற இளைஞன் வழி தவறிச் சுடுகாட்டுக்குள் போகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடி வந்து, தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமைக்குக் கண் தெரியாது. மகனின் உடலைத் தழுவிக்கொண்டு போய்ச் சம்பாபதி தெய்வத்தை அழைக்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனுடைய உயிரைத் திருப்பிக் கொடு என்பதுதான் வேண்டுதல். போன உயிர் வினைவழி வேறு பிறப்புக்குப் போகும், திரும்பாது என்கிறாள் சம்பாபதி. கோதமை விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று நான்மறை சொல்கிறதே என்று வாதாடுகிறாள். சம்பாபதி சக்கரவாளத்துத் தெய்வங்கள் அத்தனை பேரையும் அங்கே வரவழைத்து, இவர்களில் யாராவது முடியும் என்றால் நானும் தருகிறேன் என்கிறாள். அவர்களும் முடியாது என்றே சொல்கிறார்கள். சம்பாபதி அவளைக் கடிந்து விரட்டவில்லை. கேட்ட கேள்வியை முழுதாகக் கேட்க விட்டு, பதிலை அவளே காணும்படி செய்கிறாள்.

கடுகு கேட்டு வீடு வீடாகப் போன கிசாகோதமியின் பாலிக் கதையும் இதே பாடத்தையே சொல்கிறது. சாவு இல்லாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று புத்தர் அனுப்ப, அவளே ஒவ்வொரு வாசலிலும் நின்று தெரிந்துகொள்கிறாள். இரண்டு கதைகளும் ஒன்றைக் கவனமாகத் தவிர்க்கின்றன. துக்கத்தில் இருப்பவரிடம் எல்லாம் நிலையில்லாதது என்று உபதேசிப்பதை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மூடியது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இறந்தோரும் காணாமல் போனோரும் சேர்ந்து 70 பேர். அப்படியொரு இடத்தில் நிலையாமையை ஆறுதல் வாசகமாகச் சொல்வது கொடுமை. சரிவுக்கு முன் மழை எவ்வளவு, லயங்கள் எந்தச் சரிவில் கட்டப்பட்டன, தகவல் போக வழி இருந்ததா என்று கேட்பதுதான் காரணம் தேடும் பௌத்த முறைக்கு நெருக்கமானது. மாறும் தன்மை என்றால் விதி என்று பொருளில்லை. காரணங்களால் வந்தது காரணங்களை மாற்றினால் மாறும் என்பதே பொருள்.

இதை இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியில் உணர்ந்து எழுதியவர் மலையாள மகாகவி குமாரன் ஆசான். மலையாளக் கவிதையின் போக்கையே மாற்றிய ‘வீணபூவு’ என்ற படைப்பை அவர் 1907இல் பாலக்காட்டு ஜைனமேட்டில் தங்கியிருந்தபோது எழுதினார். மண்ணில் விழுந்த ஒரு பூவின் வாழ்வும் முடிவுமே அதன் பொருள். பிறகு அவர் நேரடியாகவே பௌத்தக் கதைகளுக்கு வந்தார். 1922இல் வந்த ‘சண்டாலபிக்ஷுகி’ தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மாதங்கி என்ற பெண் ஆனந்த பிக்குவுக்குத் தண்ணீர் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறது. 1923இல் வந்த ‘கருணா’ கணிகை வாசவதத்தையின் கதை. உறுப்புகள் அறுபட்டுச் சுடுகாட்டில் கிடக்கும் அவளிடம், செல்வத்தோடு அழைத்தபோது வராத உபகுப்த பிக்கு இப்போது வருகிறார். சாதியும் அழகும் நிலையான தன்மைகள் போலத் தோன்றுகின்றன, அவையும் சேர்க்கைகள்தான் என்று காட்டினார் ஆசான். நிலையாமையைத் தனிமனிதச் சாவிலிருந்து சமூக அமைப்புக்கு நகர்த்தியது அவருடைய பெரிய பங்களிப்பு. அயோத்திதாசரும் பிறகு 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் சென்ற திசையும் அதுவே.

மாறுகிறது என்றால் மாறாத ஒன்று உள்ளே இருந்துகொண்டு மாறுவதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கலாம். பௌத்தம் இல்லை என்கிறது. மனிதர் என்று நாம் சொல்வது ஐந்து கந்தங்களின் கூட்டு. மணிமேகலை அவற்றை உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று வகுக்கிறது. உடல், இன்ப துன்ப உணர்ச்சி, இன்னது என்று அடையாளம் காணுதல், மனத்தின் போக்குகள், அறியும் அறிவு. இவற்றில் எதைத் தொட்டாலும் ‘நான்’ கிடைப்பதில்லை. கூட்டை விட்டுத் தனியாகவும் கிடைப்பதில்லை. ஆத்மா உண்டு என்னும் மரபுகளோடு பௌத்தம் முட்டிக்கொண்டது இங்கேதான். 

அப்படியானால் துன்பம் எப்படித் தொடர்கிறது? மணிமேகலையின் ஆசானாகிய அறவண அடிகள் சொல்லும் பன்னிரு நிதானங்கள் இதற்கு விடை. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழுகிறது. ஒன்று இல்லாதபோது அடுத்தது எழுவதில்லை. இவற்றை அடிகள் நான்கு கண்டங்களாகப் பிரித்து, கண்டங்கள் சேரும் மூன்று சந்திகளையும் காட்டுகிறார். முதல் சந்தி செய்கைக்கும் உணர்வுக்கும் நடுவே, மூன்றாவது பவத்துக்கும் தோற்றத்துக்கும் நடுவே. அவை பிறப்போடு பிறப்பைப் பிணைப்பவை. இரண்டாவது சந்தி நுகர்ச்சியும் வேட்கையும் சேரும் இடம். மறுபிறப்பை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் இந்த இரண்டாம் சந்தி கண்ணுக்கு முன்னால் நடப்பது. ஒரு நாளில் நூறு முறை நடக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை போடும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் எடையைக் குறைத்துச் சொல்கிறார். சொல் காதில் விழுகிறது, இது ஊறு. நெஞ்சில் சூடு ஏறுகிறது, தாடை இறுகுகிறது, இது நுகர்ச்சி. இதுவரை யாராலும் தடுக்க முடியாது. புத்தரின் சீடருக்கும் நெஞ்சில் சூடு ஏறும். அடுத்த நொடியில் இவனை விடக்கூடாது என்ற வேகம் எழுகிறது, இது வேட்கை. வேட்கை என்றால் விருப்பம் மட்டும் அல்ல, வெறுத்துத் தள்ளும் இழுப்பும் அதில் சேரும். அதற்குப் பின்னால் என்னை எப்போதும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள் என்ற கதை ஒட்டிக்கொள்கிறது; இது பற்று. பிறகு அந்தக் கதை வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் மேல் விழுந்து, இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அங்கே விழித்திருப்பதுதான், நான்காம் வாய்மை சொல்லும் எண்வழிப் பாதையில் ஏழாவதாக வரும் நற்கடைப்பிடி. இன்று ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று ஊரெல்லாம் பேசப்படுவதும் இதுவே. நெஞ்சில் சூடு இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற மனம் அந்தச் சூட்டால் உடனே இழுத்துச் செல்லப்படுவதில்லை. அப்படியானால் எடை குறைந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். சரியான எடையைக் கேட்கலாம், கேட்க வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த தோட்டப் பெண்கள் நாள்கணக்கில் கட்டுக்கோப்பாக நின்று தங்கள் கோரிக்கையை ஏற்க வைத்தார்கள். பாண்டியனின் அவையில் கண்ணகி கேட்டதும் அப்படிப்பட்ட நீதிதான். கவனத்தின் வேலை கேள்வியை அடக்குவது அல்ல. கேள்வி தீயாக மாறி அண்டை வீட்டையும் எரிக்காமல் காப்பது.

பயிற்சியின் முறையைச் சதிபட்டான சுத்தம் வரிசையாகச் சொல்கிறது. பாலி மரபில் மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாவது உரை இது. கவனத்தை வைக்க நான்கு இடங்களை அது காட்டுகிறது. முதலில் உடல். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அறிதல். நீளமாக இருந்தால் நீளம் என்று, குட்டையாக இருந்தால் குட்டை என்று. மூச்சை மாற்றக் கூடாது, இருப்பதை அறிந்தால் போதும். நடத்தல், நிற்றல், உட்கார்தல், படுத்தல் ஆகிய நான்கு நிலைகளும் இதில் சேரும். சுடுகாட்டில் கிடக்கும் உடல் படிப்படியாக அழிவதை எண்ணிப் பார்க்கும் பயிற்சியும் இந்தப் பகுதியில்தான் வருகிறது. அதைத் தனியாக எடுத்துப் படிப்பவருக்கு அருவருப்பாகத் தோன்றலாம். மூச்சில் ஓரளவு நிலைத்த பிறகு வருவது என்பதால் அதன் இடம் நியாயமானது.

இரண்டாவது நுகர்ச்சி. இனியது, இன்னாதது, இரண்டும் அல்லாதது என்ற மூன்று வகை உணர்ச்சிகளை அவை எழும்போதே அறிதல். சம்மணமிட்டு அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் முழங்காலில் வலி வரும். உற்றுப் பார்த்தால் அது ஒரே கட்டியாக இல்லை. குத்துகிறது, சுடுகிறது, தணிகிறது, மறுபடி எழுகிறது. எப்போது மணி அடிப்பார்கள் என்ற எண்ணம் வலியோடு சேர்ந்து வந்தாலும் வலி அல்ல. இரண்டையும் தனித்தனியாகக் காணும் நொடியில் நிலையாமை படித்த பாடமாக இல்லாமல் முழங்காலிலேயே தெரிகிறது. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இதற்கு இரண்டு அம்புகளைச் சொல்கிறார். உடலில் தைக்கும் முதல் அம்பு பயிற்சி உள்ளவருக்கும் தைக்கும். அதை எண்ணிப் புலம்பித் தானே எய்துகொள்ளும் இரண்டாவது அம்பு அவருக்குத் தைப்பதில்லை.

மூன்றாவது மனத்தின் நிலை: சினம் உள்ள மனத்தைச் சினம் உள்ள மனம் என்றும், சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்றும் அறிதல். நான்காவது இடத்தில் ஐந்து கந்தங்கள், மனத்தடைகள், நான்கு வாய்மைகள் முதலான பாடங்களே கவனப் பொருள்களாகின்றன. கேட்டு அறிந்ததைத் தன்னிடமே சோதிப்பது அது.

இந்த எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் முறையாகக் கற்க இன்று இடங்கள் உண்டு. இடுக்கியை ஒட்டிய கொடைக்கானல் மலையில், பெருமாள்மலையில், போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் 1996இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் பர்மாவில் பிறந்த தமிழரான இயேசு சபைத் துறவி அமா சாமி. ஜப்பானில் காமகுராவின் யமாதா ரோஷியிடம் ஜென் பயின்றவர். கிறித்தவத் துறவி ஒருவர் பௌத்தத் தியானம் கற்பிப்பதில் முரண் இல்லை என்பதற்கு அந்த இடம் சான்று. 1969இல் பர்மாவிலிருந்து வந்து விபாசனா முகாம்களைத் தொடங்கிய எஸ்.என். கோயங்காவின் மரபில் திண்டுக்கல் அருகிலும், கேரளத்தில் செங்கன்னூர் அருகிலும் மையங்கள் உள்ளன. பத்து நாள் பேச்சின்றி இருக்கும் முகாம். முதல் மூன்று நாள் மூச்சு, பிறகு உடல் உணர்ச்சிகள். மன நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இத்தகைய நீண்ட முகாம்களுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979இல் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி வழியாக இதே கவனம் மதச்சார்பின்றிப் பரவியது. அதனால் பலருக்கு நன்மை உண்டு. ஆனால் அலுவலகத்தில் கூடுதலாக வேலை வாங்குவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தும்போது பாதையின் மற்ற உறுப்புகளான நற்செய்கையும் நல்வாழ்க்கையும் கழன்றுவிடுகின்றன. எட்டில் ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்தால் அது பாதையாக இருக்காது.

அறவண அடிகள் கவனத்தைத் தனியாக விடவில்லை. காஞ்சியில் மணிமேகலைக்குத் தரும் முடிவான பாடத்தில் துன்பத்துக்கு மூன்று வேர்கள் சொல்கிறார்: காமம், வெகுளி, மயக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. நிலையாமை, துன்பம், அநாத்மம், தூய்மையின்மை ஆகியவற்றைத் தனித்து நோக்கிப் பற்றை அறுக்க வேண்டும். மைத்திரி, கருணை, முதிதை ஆகிய மூன்றால் வெகுளியைப் போக்க வேண்டும். எல்லா உயிரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நட்பு, பிறர் துன்பத்தில் இரக்கம், பிறர் இன்பத்தில் மகிழ்ச்சி. கேட்டல், சிந்தித்தல், பாவித்தல், காணல் ஆகிய நான்கால் மயக்கத்தைக் கடிய வேண்டும். வெகுளிக்கு அவர் கவனத்தை மட்டும் மருந்தாகச் சொல்லவில்லை, அன்பைச் சொல்கிறார் என்பதைத் தியானம் பயில்பவர்கள் மறக்கக் கூடாது. இவற்றைக் கேட்ட மணிமேகலை, பிறவித் தொடர் அறுக என்று காஞ்சியில் நோன்பு பூண்டதோடு காப்பியம் முடிகிறது.